ஐம்பது வயது மறதியும் எழுபது வயது மறதியும்: சுங்கை சிப்புட் மாதர் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்து ஆலயங்களிலும் சங்கங்களிலும் மாதர் பிரிவை நடத்திவரும் சகோதரிகளுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் நீங்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாமைப் பற்றி உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஞாயிறு விடிவதற்குள் மண்டபத்தைக் கூட்டி, நாற்காலி போட்டு, பசியாற இட்லிக்கும் சாம்பாருக்கும் ஏற்பாடு செய்து, தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவது லேசான வேலை இல்லை. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருந்த எத்தனையோ பேருக்கு அது முதலில் தெரியவந்தது உங்கள் மண்டபத்தில்தான். நான் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். பள்ளி விடுமுறை நாட்களில் நிரை நிரையாக அவர் பின்னால் பால் வடியும் மங்கு துடைத்துக்கொண்டே நடந்து வளர்ந்தவள் நான். உங்கள் முகாம்களில் இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டால் இனியும் வருவேன்.

அந்த மேசையில் கையில் பட்டியைச் சுற்றும்போது பெண்கள் குனிந்து ரகசியமாகக் கேட்பது பெரும்பாலும் அழுத்தத்தைப் பற்றி இருக்காது. “மிஸ்ஸி, அடுப்புல வச்சது மறந்து போவுது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரு வாயில வர மாட்டேங்குது. எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சா?” கேட்பவருக்கு நாற்பத்தெட்டு, ஐம்பது வயதிருக்கும். அவர் சொல்லும் அம்மா எழுபது வயதைத் தாண்டியவர், வரிசையில் பின்னாலேயே உட்கார்ந்திருப்பார். காலையில் மாத்திரை போட்டேனா என்று மகளிடம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு மறதியும் ஒன்றல்ல. காரணம் வேறு, செய்ய வேண்டிய பரிசோதனை வேறு, மருந்தும் வேறு. நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “வயசானா அப்படித்தான்.” மகளும் பயந்துகொண்டே வீட்டுக்குப் போகிறார், அம்மாவும் பார்க்கப்படாமலே வீட்டுக்குப் போகிறார். போகிற வழியில், சில முகாம்களில் வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர்கள் இருவருக்கும் ஒரே டப்பாவை நீட்டுகிறார்கள். ஹார்மோனைச் சமப்படுத்தும், மூளைக்கும் நல்லது என்கிறார்கள். கோயில் மண்டபத்துக்குள் விற்பதால் அதற்கு ஒரு நம்பிக்கையும் வந்துவிடுகிறது. இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

முதலில் மகளைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மாதவிலக்கு நிற்கும் வயதில் இருக்கிறார். ஓராண்டு முழுக்க மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு அது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நடக்கும். ஆனால் தொந்தரவு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடும். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மெல்ல மெல்ல, ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் சரியும். உடம்பின் சூட்டைக் காக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி அந்த ஏற்ற இறக்கத்தில் தடுமாறிப் போகிறது. சூடு கொஞ்சம் கூடினாலே அளவு மீறிவிட்டதாக எடுத்துக்கொண்டு, தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, வேர்க்க வைக்கிறது. நெஞ்சிலிருந்து முகத்துக்குக் கொதித்து ஏறி, சட்டை நனைந்து, பிறகு குளிர் எடுப்பது இதனால்தான்.

இது பகலில் வந்தால் சங்கடம். இரவில் வந்தால் தூக்கம் போய்விடும். இரண்டு மணிக்கு விழித்து, உடுப்பை மாற்றி, புரண்டு படுத்துவிட்டு, விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்து, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு பெயர் ஞாபகம் வரவில்லை என்றால் அதில் வியப்பு என்ன? செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். முகக்கவசம், கையுறை, ரப்பர் ஏப்ரன், பூட்ஸ், முதுகில் நிறைந்த டாங்கி, அதற்குள்ளே இந்தக் கொதிப்பு. தலை சுற்றுகிறது என்று நிழலில் உட்கார்ந்தால் சோம்பேறி என்கிற பேச்சு வருகிறது. வேலையை மேற்பார்க்கும் தோட்டத்து மண்டோர்களுக்கும் இது சொல்லித் தரப்பட வேண்டிய விஷயம். அதைத் தனியாக ஒரு நாள் எழுதுவேன்.

தூக்கம் ஒரு பங்குதான். இந்த மாற்றக் காலம் மூளையையும் நேராகத் தொடுகிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஸ்வான் என்ற நெடுநாள் ஆய்வு, நடுவயதுப் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து நினைவையும் சிந்தனை வேகத்தையும் சோதித்தது. மாதவிலக்கு ஒழுங்கு தப்பும் ஆண்டுகளில் பெண்கள் புதியதைக் கற்றுக்கொள்வதில் கொஞ்சம் பின்தங்கினார்கள். முழுதாக நின்ற பிறகு அந்தத் திறன் திரும்ப வந்தது. 2009இல் வெளியான முடிவு இது. அந்த வயதில் பெயர் மறப்பதும், பேச்சின் நடுவில் சொல் தேடுவதும் டிமென்ஷியா என்ற மறதி நோயின் ஆரம்பம் என்று பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். இந்த ஒரு செய்தியை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள், முகமே மாறிப்போகும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் யாரும் சொல்வதில்லை. அவரும் கேட்டு வருவதில்லை. நம் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது ஒரு விடுதலை என்பதும் அதற்குக் காரணம். இனி நாள் கணக்குப் பார்க்காமல் கோயிலுக்குப் போகலாம், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாம், திருவிழா அடுப்படியில் முன்னால் நிற்கலாம். அந்த மகிழ்ச்சி நியாயமானது. அதனாலேயே கூட வருகிற வேதனையை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள். வீட்டில் ஆண்களுக்குத் தெரிவது, அம்மா இப்போதெல்லாம் சிடுசிடுக்கிறாள் என்பதுதான். சிடுசிடுப்புக்குப் பின்னால் சில பேருக்கு உண்மையான மனச்சோர்வே இருக்கும். இந்த ஆண்டுகளில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. அழுகை நிற்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வரும் பெண்ணை விரதம் இருக்கச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

இனி ஹார்மோன் சிகிச்சை, அதாவது குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பது. நம் பட்டணத்தில் இதைப் பற்றி இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. அந்த மாத்திரை தின்றால் மார்பகப் புற்றுநோய் நிச்சயம் என்பது ஒன்று. அது மூளைக்கு டானிக், வயதான காலத்தில் புத்தி மங்காது என்பது இன்னொன்று. இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் அளவோடு எடுத்துக்கொள்ள முடியும்.

2002 ஜூலையில் அமெரிக்காவின் ‘பெண்கள் உடல்நல முன்முயற்சி’ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனான புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்த பகுதி அது. மாத்திரை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு ஓராண்டில் 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். பக்கவாதமும் இரத்தக் கட்டியும் மாரடைப்பும் கூட ஏறத்தாழ அதே அளவில் கூடின. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன. செய்தி உலகமெங்கும் பரவியது. லட்சக்கணக்கான பெண்கள் மருந்தை விட்டார்கள், மருத்துவர்கள் எழுதவே பயந்தார்கள். பயத்தில் மறந்துபோனது, அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதை. கொதிப்பும் வேர்வையுமாகத் தவிக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் கணக்கு அது அல்ல. கொடுத்த மருந்தும் கருவுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன், வாய்வழி மாத்திரை. இன்று நம் உடம்பில் சுரப்பதைப் போன்ற எஸ்ட்ரடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனே கிடைக்கிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவும் ஜெல்லாகவும் கொடுத்தால் இரத்தக் கட்டி பயமும் குறைவு.

மூளை டானிக் என்ற பேச்சைக் கவிழ்த்ததும் அதே ஆய்வுதான். அதன் ஒரு கிளையில் 65 வயதைத் தாண்டிய 4,532 பெண்களின் நினைவாற்றலைச் சோதித்தார்கள். 2003இல் முடிவு வந்தது: கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களில் 40 பேருக்கு டிமென்ஷியா, எடுக்காதவர்களில் 21 பேருக்கு. காக்கும் என்று நினைத்தது கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கியது. பிறகு இளவயதுப் பக்கமும் பார்த்தார்கள். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகளுக்குள் இருந்த பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் ஹார்மோன் கொடுத்துப் பார்த்த கீப்ஸ் ஆய்வில், நினைவாற்றலுக்கு நன்மையும் இல்லை, கெடுதியும் இல்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, நீங்களும் மேடையில் தயங்காமல் சொல்லலாம் என்று நினைப்பது இதுதான். அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்தாண்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு, கொதிப்பும் தூக்கமின்மையும் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவு இருந்தால், மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் ஹார்மோன் நல்ல மருந்து. பெரும்பாலான பெண்களுக்கு அந்த வயதில் அதன் நன்மை கெடுதியைவிடக் கூடுதல். தூக்கம் திரும்பினால் தலையும் தெளியும். ஆனால் ஞாபக சக்திக்காக, டிமென்ஷியா வராமல் தடுப்பதற்காக அதை யாரும் எடுக்கக் கூடாது. எழுபது வயதுப் பாட்டிக்குப் புதிதாகத் தொடங்கவே கூடாது.

யாருக்குக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. இவர்களுக்குக் கொதிப்பைக் குறைக்க வேறு மாத்திரைகள் உண்டு. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வழி திறந்துவிடும். அதைத் தடுக்கும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையில் பாதி வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அதே வாரத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்தை நாம் அடியோடு மறந்துவிட்டோம்: “கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்று சொல்லும் பெண்கள். நம் தோட்டத்துப் பெண்களில் பலருக்கு, கூடவே சினைப்பையையும் எடுத்தார்களா என்று தெரியாது. எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் அற்றுப் போகிறது. இயல்பாக நிற்கும் வயதுக்கு முன்பே சினைப்பைகளை இழந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நினைவுக் குறைவும் டிமென்ஷியாவும் கூடுதலாக வருவதை, அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். நாற்பதில் சினைப்பை இல்லாமல் போன பெண்ணுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதே இன்றைய வழக்கம். அவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் முகாமில் பேர் பதியும் தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: அறுவைச் சிகிச்சை ஆனதா, எந்த வயதில், ஆஸ்பத்திரித் தாள் இருக்கிறதா.

இப்போது வரிசையில் பின்னால் இருக்கும் அம்மாவிடம் வருவோம். அவர் கேட்டதையே கேட்பதும், பழகிய கடைக்குப் போய் வழி தெரியாமல் நிற்பதும், ஆயுசு முழுக்க வைத்த மீன் கறியை எப்படி வைப்பது என்று திகைப்பதும் வயதின் இயல்பு அல்ல. 2018இல் நம் மலேசியாவில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், அறுபது வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று தெரிந்தது. நூறு பாட்டிமார் தாத்தாமார் கூடும் மண்டபத்தில் எட்டொன்பது பேர்.

அவருக்குத் தேவை ஹார்மோன் டப்பா அல்ல, முறையான பரிசோதனை. சிலருடைய மறதிக்குத் திருத்தக்கூடிய காரணமே இருக்கும்: தைராய்டு குறைவு, இரத்தச் சோகை, மனச்சோர்வு, வைட்டமின் பி12 பற்றாக்குறை. இந்தக் கடைசியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். 2019 கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம் பாட்டிமார்களில் எத்தனை பேர் ஆண்டுக்கணக்காக அந்த மாத்திரையில் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்குப் பி12 இன்னும் குறையும். ஓர் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கூறி, 14 காரணங்களைச் சொன்னது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, நடமாட்டமின்மை எல்லாம் அதில் உண்டு. சிறுவயதில் படிப்பு குறைந்ததும் ஒரு காரணம். அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்த மகாத்மா காந்தி கலாசாலை நம் பட்டணத்திலேயே இருந்தும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள்தான் இன்று எழுபதைத் தாண்டிய நம் அம்மாமார். அந்தப் படிப்பை இனிக் கொடுக்க முடியாது. காது கேட்கும் கருவி வாங்கித் தரலாம், கண்புரையை எடுக்க ஏற்பாடு செய்யலாம், அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கலாம், பஜனைக்கு வாராவாரம் வேனில் கூட்டி வரலாம். இவை எல்லாமே மூளையைக் காக்கிற காரியங்கள்.

ஞாபகச் சோதனையிலும் அவர்களுக்கு ஓர் அநியாயம் நடக்கிறது. பள்ளிக்குப் போகாத அம்மாவிடம் மலாயில் கேள்வி கேட்டால் இன்று என்ன கிழமை என்பதற்குக்கூடத் தடுமாறுவார். பதில் தெரியாமல் அல்ல, மொழி புரியாமல். அருகில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்து கேள்வியை மாற்றிச் சொன்னால் போதும். கூடப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று: கேள்வியை மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பாசத்தில் மகள் எடுத்துக் கொடுக்கும் பதிலால் அம்மாவின் நோய் தெரியாமலே போகிறது.

நான் உங்களிடம் கேட்பது பணச் செலவு அதிகம் இல்லாதது. அடுத்த முகாமில் மண்டபத்தின் ஒரு மூலையில் திரைச்சீலை போட்டு, பெண்கள் மட்டும் வந்து பேச ஓர் இடம் வையுங்கள். அங்கே ஒரு தாதியோ பெண் மருத்துவரோ இருக்கட்டும். நாற்பதைத் தாண்டிய எல்லாப் பெண்களையும் அந்த மூலைக்கு ஒரு தடவை அனுப்புங்கள், கேட்டால்தான் என்று காத்திருக்க வேண்டாம். வாசலில் மருந்து விற்பவர்களுக்கு மேசை கொடுக்காதீர்கள். நன்கொடை தருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்த நன்கொடை நம் பெண்களின் சம்பளத்திலிருந்துதான் திரும்ப எடுக்கப்படுகிறது. உளுந்தங்களியும் வெந்தயமும் சாப்பாடாக நல்லவை. கச்சிப் பாத்திமா மலாய்ப் பெண்கள் தலைமுறையாகப் பயன்படுத்தும் மூலிகை. ஆனால் இவற்றில் எதுவும் மருத்துவர் பார்த்துச் செய்யும் சிகிச்சைக்கு ஈடாகாது, டப்பாவில் அடைத்து விலை ஏற்றினாலும் ஆகாது.

கிளினிக்குக்குத் துணைக்குப் போக, மலாயும் தமிழும் தெரிந்த நான்கைந்து பெண்களின் பெயரைப் பிரிவில் எழுதி வையுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான் கட்டணம், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் தனியாகப் போகப் பயந்து வீட்டிலேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பெக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. தங்கள் பேர் அதில் இருப்பதே தெரியாதவர்களுக்குப் பேர் பார்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் எனக்கு இருபது நிமிடம் தந்தால், மேலே எழுதியதைத் தமிழில் நேராகச் சொல்வேன். முடிந்தால் ஆண்களையும் உட்காரச் சொல்லுங்கள். முகாமுக்குத் தேதி குறிக்கும் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, எந்த ஞாயிறு என்று தெரியப்படுத்துங்கள். என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற தாதிகள் இருவரிடம் பேசிவிட்டேன், அவர்களும் வரச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். திரைச்சீலைக்கு மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ஓய்வு பெற்ற தாதி, சுங்கை சிப்புட், பேராக்